சார்பு வந்த வழி

புத்தளக் கரையோரத்துப் பள்ளிவாசல்துறை போன்றதோர் ஊரில் மீன் கணக்கு எழுதப்படுவதாகக் கொள்வோம். ஒரே ஏட்டில் இருவர் ஒரே வேளையில் பழைய தொகையை அழித்துப் புதியதை எழுதினால் கணக்குப் பொருந்துமா? பழைய வரியைத் தொடாது, புதிய தொகையை அடுத்த வரியில் எழுதுவோர்க்கு அத்தொல்லை குறைவு. கணினிச் செய்நிரல் மொழிகளின் வரலாற்றிலும் இத்தகைய இரு வழிகள் உண்டு.

நினைவகத்திலுள்ள மதிப்பைப் படிப்படியாக மாற்றிச் செல்வது முதல் வழி. 1957இல் வெளிவந்த போர்ட்ரான் அவ்வழியது. மற்றது சார்பு வழி. சார்பு, தரப்பட்டதை மாற்றாது புதிய விடையொன்றை அளிக்கும். ஒரு சார்பை இன்னொரு சார்பிடம் கையளிக்கவும் கூடும். அமெரிக்கக் கணித அறிஞர் அலொன்சோ சேர்ச் 1930களில், மின்கணினி பிறவாத காலத்தில், வகுத்த லாம்டா நுண்கணிதமே இதன் வேர். 1958இல் ஜோன் மக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழி அக்குறியீட்டை எடுத்தாண்டது. ஆயினும் தொழிலுலகம் பெரிதும் முதல் வழியையே பற்றி நின்றது.

வியப்பு யாதெனில், போர்ட்ரானை ஆக்கிய குழுவின் தலைவர் ஜோன் பக்கஸே, 1977இல் டியூரிங் பரிசுப் பேருரையில் முதல் வழியின் குறைகளை எடுத்துரைத்துச் சார்பு வழியை வேண்டினார். எனினும் ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை. பொதுப் பயன்பாட்டு மொழிகள் இரண்டையும் அணைத்துக்கொண்டன. 1994இல் வெளிவந்த பைதனின் முதற் பதிப்பிலேயே லாம்டா இடம்பெற்றது. அதை நீக்கிவிட அம்மொழியின் ஆக்குநர் 2005இல் எண்ணினார். எனினும் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அது நிலைத்தது.

இதற்கிடையில், ஒரே கணினியினுள் பல செயற்கருக்கள் ஒருங்கே உழைக்கத் தொடங்கின. இருவர் ஓர் ஏட்டில் எழுதும் இடர் எங்கும் எழுந்தது. மாறாத் தரவின் அருமை அப்போது பலர்க்கும் புலனாயிற்று. 2014இல் ஜாவாவும் லாம்டாவை ஏற்றது.

நம் இலங்கையிலும் இக்கதை தொடர்கின்றது. டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் அறிமுகஞ் செய்த பலரினா மொழியில், சார்பை ஒரு மதிப்பாகவே கையாளலாம். தரவை மாறாததாக அறிவிக்கவும் செய்யலாம்.

உயர்தர வகுப்பில் பைதன் பயிலும் நம் மாணவர், "இக்கணிதத்தால் என்ன பயன்?" என வினவுவதுண்டு. சேர்ச்சின் சிந்தனை ஜாவாவை அடைய ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன என்பதே அவர்க்கு விடை. பயன் உடனே தோன்றாமையால் அறிவு வீணாவதில்லை.