கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

கொங்குப் பக்கம் ‘விடுதலைப் பத்திரம்’ என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம், இதில் விடுதலை ஆவது யார் என்று எனக்குத் தோன்றும். அக்காவோ தங்கையோ தன் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்து, சார் பதிவாளர் அலுவலகத்தில் எழுதித்தரும் பத்திரம் அது. கையெழுத்து விழுந்ததும் சட்டப்படி பங்கு போய்விடும். ஆனால் அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்று கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது.

அங்கே மன்னரின் நீதிமன்றங்கள் தீர்ப்புமேல் தீர்ப்பாக வளர்த்த சட்டம் காமன் லா. மணமான பெண்ணை அது தனி ஆளாகவே கருதவில்லை. அவளுடைய நகையும் ரொக்கமும் கணவனுக்குச் சேர்ந்தன. அவள் நிலத்தை ஆண்டவனும் அவனே. காமன் லாவில் நியாயம் கிடைக்காதவர்கள் சான்சலரிடம் முறையிட்டார்கள். மனச்சாட்சியை அளவுகோலாகக் கொண்டு அவருடைய நீதிமன்றம் வளர்த்ததே ஈக்விட்டி. ஒருவர் பெயரில் சொத்து, இன்னொருவருக்குப் பலன் என்ற டிரஸ்ட் முறை அங்கிருந்து வந்தது. வசதியுள்ள தந்தைகள் மகளின் சொத்தை டிரஸ்டிகளிடம் ஒப்படைத்து, மருமகன் கை படாமல் காத்தார்கள். ஏழைப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான் மணமான பெண்ணின் சொத்து அவளுடையதானது.

இந்தியாவில் ஆங்கிலேயர், விதி இல்லாத இடத்தில் ‘நீதி, ஈக்விட்டி, நல்ல மனச்சாட்சி’ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்படி நீதிபதிகளைப் பணித்தார்கள். ஈக்விட்டியின் ஒரு கொள்கை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது: இன்னொருவர் மனத்தை ஆளும் நிலையில் இருப்பவர் அதைக்கொண்டு அநியாய ஆதாயம் பெற்றால், அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்கள் விஷயத்தில் பிரிவி கவுன்சில் மேலும் சென்றது. அவள் புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டாள் என்று ஆதாயம் பெற்றவரே நிரூபிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் இது பின்னர் பொருந்தியது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் பெண்ணை உலகம் அறியாதவளாகப் பார்த்துக் கிடைத்த பாதுகாப்பு.

உரிமை பிறகுதான் வந்தது. தமிழ்நாடு 1989இல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005 மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில், 1949இல் இறந்தவர் சுயமாக வாங்கிய சொத்து அவருடைய ஒரே மகளுக்கே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொன்னது. வழக்குத் தொடுத்தது 1991இல்.

இத்தனை காலம் எடுத்து வந்த உரிமை ஒரு முற்பகலில் கைமாறுகிறது. யாரும் மிரட்டுவதில்லை. “உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே கண்ணு” என்பார்கள். “பொறந்தூடு வேணுமா, பங்கு வேணுமா?” என்பார்கள். அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உட்கார்ந்தவளுக்கு அந்தக் கேள்வியின் எடை தெரியும். நீதிமன்றத்தில் இதை நிர்ப்பந்தம் என்று நிரூபிப்பது கடினம். படித்து வேலைக்குப் போகும் பெண் என்றால் நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் அவள்மேல்தான். ரத்து கேட்பதற்கான கெடுவும், உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டு.

மனதார விட்டுக்கொடுக்கும் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. தன் பங்கு எத்தனை சென்ட், இன்றைய விலை என்ன, வேண்டாம் என்றாலும் பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்குமா என்று தெரிந்துகொண்டு அவள் கொடுக்கட்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல. பத்திரம் எழுதும் முன்பு, அவள் அம்மாவும் அத்தையும் நாமும் கேட்க வேண்டும்.