பேறுகாலப் பரிசோதனையும் பிரசவ அபாயமும்: கொல்கத்தாவை முன்வைத்து ஓர் ஆய்வு

மருத்துவமனையில் பிரசவம் நிகழ்ந்துவிட்டால் தாயின் உயிருக்கு அதுவே போதிய அரண் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மேற்கு வங்காளத்தின் கணக்குகள் அந்நம்பிக்கைக்கு இடந்தரவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அம்மாநிலத்தில் நூற்றுக்கு 91.7 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. நான்கு முறையேனும் பரிசோதனைக்குச் சென்ற தாய்மார் நூற்றுக்கு 75.8 பேர். அங்ஙனமிருந்தும், 2018–20 காலப்பகுதியில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு அங்கே 103 தாய்மார் மாண்டனர். தேச முழுமைக்கும் அவ்வெண் 97, தமிழ்நாட்டுக்கு 54.

மேற்கு வங்காளம் கல்வியிலும் வைத்திய நிபுணத்துவத்திலும் பின்தங்கிய பிரதேசமன்று. 1882இலேயே ஈடன் மகப்பேற்று மருத்துவமனையைக் கண்ட நகரம் கொல்கத்தா. பிரசவ ஆயுதமாகிய இடுக்கியின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1929இல் மருத்துவர் கேதார்நாத் தாஸ் நூல் வெளியிட்டதும் அந்நகரத்திலேதான். ஆயினும் அவ்வாயுதம் கடைசி நாழிகைக்குரியது. கர்ப்ப காலத்திலேயே தாயைக் கவனித்தல் வேண்டும் என்று எடின்பரோவில் மருத்துவர் பாலன்டைன் 1901இல் விடுத்த வேண்டுகோளின் சாரம், ஆபத்து பிரசவ அறைக்கு வருமுன்பே உடலில் உருவாகிவிடுகிறது என்பதே.

பரிசோதனை எல்லா ஆபத்தையும் முன்னறிவிக்கும் என்று நான் வாதிக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் உதிரப்பெருக்குக்கு ஆளாகும் பெண்களுள் பலரிடம் முன்னர் யாதொரு அறிகுறியும் தென்படுவதில்லை. ஆனால் அதே அளவு உதிரம் இழக்கும் இருவருள், இரத்தசோகையுற்றவள் மாண்டுபோகவும் மற்றவள் பிழைத்தெழவும் கூடும். மாதந்தோறும் இரத்தத்தைச் சோதித்து இரும்புச்சத்து ஊட்டுவதன் பயன் அங்கேதான் புலப்படுகிறது. இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் ஒழுங்காகப் பார்க்கப்படுமாயின், பிரசவ வலிப்பு நேருமுன்பே அதன் வருகையைப் பெரும்பாலும் அறியலாம். அந்நிலையில் மக்னீசியம் சல்பேட் செலுத்துவதால் வலிப்பு நேரும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதை 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிலைநாட்டிற்று.

பரிசோதனைக்குத் தவறாது செல்பவர்கள் இயல்பிலேயே கல்வியும் பொருளும் வாய்ந்தவர்களாதலின், அவர்களுடைய நலத்துக்குப் பரிசோதனையைக் காரணமாக்குவது பொருந்தாது என்பார் உளர். இவ்வாட்சேபம் வலிமையுடையதே, ஆனால் மேலே சொன்ன மருந்தின் பயனை அது தொடுவதில்லை, ஏனெனில் அவ்வாய்வில் மருந்து பெறுவோரும் பெறாதோரும் செல்வத்தைக் கருதாது குலுக்கல் முறையிலேயே பிரிக்கப்பட்டனர். வருகைகளின் எண்ணிக்கையும் அற்பமன்று. நான்கு போதும் என்றிருந்த உலக சுகாதார நிறுவனமே 2016இல் அதை எட்டாக உயர்த்திற்று. எனினும் இரத்த அழுத்தம் பாராத எட்டு வருகைகள் அட்டையில் எட்டு முத்திரைகளேயன்றி வேறல்ல.

வங்காளத்தின் துயரத்துக்கு வேறொரு வேரும் உண்டு. 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 41.6 பேர் பதினெட்டு நிரம்புமுன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் என்கிறது மேற்சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வு. கர்ப்பவதிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுற்றவர்கள். தானும் வளர்ச்சி முற்றாத சிறுமி சிசுவைச் சுமந்து வருகையில், பரிசோதனை அவளுக்குச் சடங்காக முடிவது கொடுமையாகும்.

ஆகவே, கொல்கத்தா மாநகராட்சியின் வட்டார நலவாழ்வு நிலையங்கள் வந்தோர் தொகையை மட்டும் எண்ணாது, ஒவ்வொரு தாய்க்கும் அழுத்தம், சிறுநீர், இரத்தம் மூன்றும் பார்க்கப்பட்டனவா, குறை கண்டபின் சிகிச்சை தொடங்கியதா என்பதையும் பதிந்து வெளியிடுதல் வேண்டும். கர்ப்பவதியை மூன்றாம் மாதத்துக்குள் அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பைக் கணவரும் மாமியாரும் ஏற்றல் வேண்டும்.