தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதி. மாவட்டம் புதிதானாலும் அதற்கு வாய்த்த வேலை பழையது. சென்னை தனக்குத் தேவை, ஆனால் பக்கத்தில் வேண்டாம் என்று நினைத்தவையெல்லாம் இந்தத் திசையில்தான் வந்து சேர்ந்தன. அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட், ஈழ அகதிகள் முகாம், புழல் சிறை. அந்த வரிசையில் ஆதரவற்றோர் இல்லங்களையும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1983இல் தொடங்கிய உதவும் கரங்கள், தன் சாந்திவனத்தைத் திருவேற்காட்டில் அமைத்துக்கொண்டது. அதன் பிறகு சிறிதும் பெரிதுமாக எத்தனையோ இல்லங்கள். நிலம் மலிவு, சுற்றுச்சுவர் எழுப்ப இடம் உண்டு, அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல மாட்டார்கள். இல்லம் நடத்துபவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள், அங்கே வாழப் போகிறவர்களை யாராவது கேட்டார்களா என்பதே என் கேள்வி.

கீழ்ப்பாக்கமும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியேதான் இருந்தது. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய மனநல விடுதி, 1871இல் அங்கே இடம் மாறியபோது 145 பேர் இருந்தார்கள். நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகித் தமிழ் சினிமா நகைச்சுவைக்குப் பல பத்தாண்டுகள் உதவியது. அந்தச் சுவருக்குள் போனவர்கள் எல்லோரும் மனநோயாளிகள் அல்லர். 1912ஆம் ஆண்டு இந்தியப் பைத்தியச் சட்டம் 'லூனடிக்' என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்திலேயே 'இடியட்' என்பவரும் அடக்கம். பிறவியிலேயே மெதுவாகக் கற்கும் ஒரு பெண்ணும், நடுவயதில் மனம் கலங்கிய ஒரு பெண்ணும் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவரே. 1961 முதல் 1978 வரை அந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன். ஓய்வுக்குப் பிறகு அவர் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார் என்பதை, பெரிய சுவர்களுக்குள் எதைச் செய்ய முடியாது என்று உணர்ந்த ஒருவரின் முடிவாகவே நான் வாசிக்கிறேன்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி முதலில் சட்டத்திலிருந்து வரவில்லை. பெண்கள் நடத்திய சேவை அமைப்புகளிலிருந்தும் தாய்மார்களிடமிருந்தும் வந்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் வழிநடத்திய கில்ட் ஆஃப் சர்வீஸ் உருவாக்கிய பால விஹார் அதே கீழ்ப்பாக்கத்தில் இயங்கியது. பெயரைக் கவனியுங்கள்: பால விஹார், குழந்தைகளின் இடம். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். சிக்கல் என்னவென்றால், குழந்தைகள் வளர்ந்தார்கள். சிறப்புப் பள்ளிகள் பெருகின. பள்ளிக்குப் பிறகு என்ன என்பதற்குப் பதில் பெருகவில்லை. இன்றும் பல இல்லங்களில் நாற்பது வயதுப் பெண்ணைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்பாகத்தான். ஆனால் பாப்பாவுக்குத் தனி அலமாரி எதற்கு, பாப்பாவுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் எதற்கு, பாப்பாவுக்கு ஆசை எங்கிருந்து வரும்? தமிழக அரசு நெடுங்காலம் ஆட்டிசம் உள்ளவர்களைக் குறித்த சொல் இன்னும் மோசம்: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. குக்கர் விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கிறவளுக்குப் புற உலகம் அளவுக்கு மீறித் தெரிகிறது என்பதே உண்மை.

மகன்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பம் மகளை அனுப்பிவிட யோசிக்கும் காலம் ஒன்று உண்டு. அவள் வயதுக்கு வந்த பிறகு. காப்பகங்களின் தரம் பற்றிய நம் நாட்டு விவாதம் உண்மையில் தொடங்கியது அந்த இடத்தில்தான். 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் அரசு நடத்திய இல்லத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புணேயின் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர்களின் கருப்பைகள் அகற்றப்பட்டன. அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. மாதவிடாயின்போது சுத்தமாக இருக்கத் தெரியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்த பிறகே அந்த ஏற்பாடு நின்றது. நடந்ததைக் கணக்குப் போட்டால் எளிது: நாப்கின் வாங்கவும், மாற்றக் கற்றுக்கொடுக்கவும், கூட இருக்கவும் ஆள் போட வேண்டிய செலவு ஒரு பக்கம், ஒரே ஒரு அறுவை மறுபக்கம். பராமரிப்பில் இருந்த குறையை அந்தப் பெண்களின் உடம்பில் வெட்டிச் சரிசெய்தார்கள். அரசு மட்டுமா? டாக்டரிடம் இதையே தயங்கித் தயங்கிக் கேட்கும் தாய்மார்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த என்னால் முடியாது. வேலைக்குப் போகும்போது மகளை யாரிடம் விடுவது என்ற பயத்திலிருந்து வரும் கேள்வி அது. கருப்பையை எடுத்தால் கர்ப்பம்தான் உண்டாகாது, வன்முறை நிற்காது என்பதை அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

அடுத்த வழக்கு சண்டிகரில், 2009இல். அரசு காப்பகத்தில் இருந்த, பெற்றோர் இல்லாத ஒரு இளம்பெண் அந்த வளாகத்திலேயே வன்புணர்வுக்கு உள்ளாகிக் கருவுற்றார். அவருடைய 'மன வயது' ஒன்பது என்றார்கள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரோ குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றத்தில் வழக்கைத் திருப்பியது ஒரு சொல். 1971ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டத்தில் 'லூனடிக்' என்றிருந்த இடம் 2002இல் 'மனநோயாளி' என்று திருத்தப்பட்டு, அறிவுசார் குறைபாடு அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. 1912இல் ஒன்றாகக் கட்டப்பட்ட முடிச்சு 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் முதலில் அவிழ்ந்தது; அந்தப் பிரிவினைதான் இங்கே ஒரு பெண்ணின் சம்மதத்துக்குச் சட்டப் பொருள் கொடுத்தது. கே.ஜி. பாலகிருஷ்ணன், நம் ஈரோட்டுப் பக்கத்து ப. சதாசிவம், பி.எஸ். சௌஹான் ஆகியோர் அடங்கிய அமர்வு 2009 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, அவர் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. தாய்க்கும் பிள்ளைக்கும் துணையிருக்க நேஷனல் டிரஸ்ட் முன்வந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் பூனம் நடராஜன். மாற்றுத்திறன் கொண்ட மகனின் தாய், 1985இல் சென்னையில் வித்யாசாகரைத் தொடங்கியவர்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவற்றின் வழியில் வந்ததுதான். ஐந்தாம் பிரிவு சமூகத்துக்குள் வாழும் உரிமையைச் சொல்கிறது. பத்தாம் பிரிவு சம்மதமில்லாத கருத்தடையைத் தடுக்கிறது. 92ஆம் பிரிவு சம்மதமில்லாத கருக்கலைப்பைக் குற்றமாக்குகிறது; ஆனால் 'கடுமையான' குறைபாடு என்றால் மருத்துவர் கருத்தும் பாதுகாவலர் சம்மதமும் போதும் என்று ஒரு ஓட்டையும் விட்டிருக்கிறது. காப்பகங்கள் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருந்தது.

பதிவு இருந்தால் போதும் என்று நாம் நம்பப் பழகிவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டபோது உரிமம், ஆய்வு என்று பேசினோம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து 140 பேருக்கும் மேல் மீட்கப்பட்டு, பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் சொன்னபோதும் அதையே பேசினோம். அந்த இல்லம் உரிய பதிவில்லாமல் பல ஆண்டுகள் நடந்திருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது எந்த ஆய்வும் இல்லை; காணாமல் போன ஒரு முதியவரைத் தேடித் தொடரப்பட்ட ஆட்கொணர்வு மனு. சரி, பதிவும் ஆய்வும் ஒழுங்காக இருந்திருந்தால்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனைக்கு இரண்டும் இருந்தன. அங்கிருந்த ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011இல் பிபிசியின் ரகசியக் கேமராதான் காட்டியது. 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு செவிலியர் முன்பே புகார் சொல்லியிருந்தார். ஆய்வாளர் பார்ப்பது சமையலறையையும் பதிவேட்டையும். உள்ளே இருப்பவர் சொல்வதை எழுத அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

மறுபடி கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். விடியற்காலையில் கம்பெனி வேன் வரும். ஷிப்டுக்குப் போகும் பெண்களில் ஒருத்தியின் வீட்டில் இருபது தாண்டிய மகள் இருக்கிறாள். பார்த்துக்கொண்ட பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவளை நாம் கொடுமைக்காரி என்போம். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவளைத் தியாகி என்போம். இரண்டும் அவளுக்கு உதவாது. 'நான் கண்ணை மூடுறதுக்கு முன்னாடி அவ போயிடணும்' என்று தாய்மார்கள் சொல்வது நம் எல்லோர் காதிலும் விழுந்ததுதான். 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகலாம். 'கரோந்தா' என்ற பெயரில் பெரியவர்களுக்கான குழு இல்லத் திட்டம் ஒன்றும் உண்டு. இரண்டிலும் கையெழுத்து தாயுடையது, தகப்பனுடையது. வேறு வழியும் இருக்கிறது என்பதைச் சென்னையிலேயே 1993இல் இரு இளம்பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய பான்யன் காட்டியது. தெருவில் கிடந்த பெண்களுக்கான புகலிடமாகத் தொடங்கி, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நாலைந்து பெண்கள் உதவியாளர் துணையோடு சேர்ந்து வாழச் செய்கிறது. அது பெரும்பாலும் மனநோயிலிருந்து தேறிய பெண்களுக்கானது. ஆனால் அதே வீட்டை, அதே தெருவை இந்த மகளுக்கு மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

அதுவரை, இல்லம் தேடிப் போகும் தாய் சில விஷயங்களைப் பார்க்கலாம். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? துவைத்த துணி அவரவர்க்குத் திரும்பி வருகிறதா, குவியலிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்களா? மாதவிடாய் நாட்களில் யார் உதவுகிறார்கள்? மெழுகுவத்தி செய்கிற பெண்ணின் கைக்குக் காசு போகிறதா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா? பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்திதான் ஹால் முழுவதற்கும் விழித்திருப்பாள், தொழிற்சாலைக் கூலிக்கும் குறைவான சம்பளத்தில். அவளுக்கு வார விடுப்பு உண்டா என்றும் கேளுங்கள். தூக்கமில்லாத கைதான் முதலில் ஓங்கும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசாதவள் என்றாலும், ஒரு நாள் அங்கே இருந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறாளா, வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாளா, ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்கிறாளா என்று கவனியுங்கள்.