கம்பக் கொட்டகை வெப்பக்காப்பு

கம்பக் கொட்டகை வெப்பக்காப்பு என்பது, நிலத்தில் ஊன்றிய மரக் கம்பங்களைத் தாங்கலாகக் கொண்டு உலோகத் தகடுகளால் மூடப்பட்ட கொட்டகையில் வெப்ப இழப்பையும் ஈரம் தங்குவதையும் குறைக்கும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் குளிர்மிகுந்த ஊர்ப்புறங்களில் உரிமையாளர்கள் பலர் இவ்வேலையைக் குறைந்த செலவில் தாமே செய்கின்றனர்.

பின்னணி

கம்பக் கொட்டகை 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. எச். ஹோவர்ட் டோன், பெர்னன் பெர்க்கின்சு ஆகியோர் இதன் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். தொடர்ச்சியான கடைக்கால் தேவையில்லை என்பதால் இது மலிவானது. வைக்கோலும் உழவு இயந்திரங்களும் வைப்பதற்கே கட்டப்பட்டதால், காற்று புகுவது குறையாகக் கருதப்படவில்லை. கொட்டகையைப் பட்டறையாக மாற்றும்போதே வெப்பக்காப்பு தேவைப்படுகிறது.

ஈரச் சிக்கல்

குளிர்ந்த நீருள்ள செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல, உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த தகட்டில் படும்போது நீர்த்துளிகள் உண்டாகின்றன. இவை காப்புப் பொருளை நனைத்து அதன் பயனைக் கெடுப்பதுடன், மரம் உளுத்துப்போகவும் ஆணிகள் துருப்பிடிக்கவும் காரணமாகின்றன. புகைபோக்கி இல்லாத புரொப்பேன் அடுப்பு இதனை மிகுவிக்கும். 1 கிலோகிராம் புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி வெளிப்படுகிறது.

ஆர் மதிப்பும் செலவும்

வெப்பம் கடத்தப்படுவதை ஒரு பொருள் எதிர்க்கும் அளவு, அமெரிக்காவில் ஆர் மதிப்பு எனப்படுகிறது. 1,200 சதுர அடிக் கூரையின் ஆர் மதிப்பு 1 எனவும், உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபாடு 50 பாகை பாரன்ஃகைட் எனவும் கொண்டால், வெப்ப இழப்பு மணிக்கு 60,000 பிரித்தானிய வெப்ப அலகுகள். ஆர் மதிப்பை 10 ஆக்கினால் இழப்பு 6,000 ஆகக் குறையும். 20 ஆக்கினால் மேலும் 3,000 மட்டுமே மிச்சமாகும். எனவே கையிருப்புப் பணம் குறைவாயின், ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக இடுவதைவிட எல்லாப் பக்கமும் அளவாக இடுவதே பயன் தரும்.

பொருட்கள்

அங்குலத் தடிப்புக்கான தோராயமான ஆர் மதிப்புகள்:

* கண்ணாடியிழைப் பஞ்சு: 3 முதல் 3.5 வரை. எளிதில் கிடைக்கும்; ஈரம் ஆகாது.
* ஊதி நிரப்பும் செல்லுலோசு: 3.5. பழைய செய்தித்தாளில் இருந்து செய்யப்படுகிறது. கூரையின் உட்தளத்துக்கு ஏற்றது.
* வெண்ணிற பாலிஸ்டைரீன் பலகை (தெர்மோகோல்): 4. கட்டடங்களில் இருந்து கழற்றிய பழைய பலகைகள் மலிவாகக் கிடைப்பதுண்டு.
* மூடிய நுண்ணறைத் தெளிப்பு நுரை: 6 அல்லது அதற்கு மேல். காற்றையும் நீராவியையும் தடுக்கும், செலவு மிகுதி.

குமிழ் கொண்ட மினுக்குத் தாள் மலிவானதாயினும், தகட்டோடு ஒட்டி, காற்றிடைவெளி இன்றிப் பொருத்தினால் அதன் ஆர் மதிப்பு ஏறக்குறைய 1 மட்டுமே.

செய்முறை

1. கூரைக் கசிவுகளைச் சரிசெய்து, தகட்டு விளிம்புகளிலும் கதவோரங்களிலும் உள்ள இடுக்குகளை அடைத்தல்.
2. உட்கூரை அமைத்து அதன்மேல் காப்பு இடுதல். அதற்கும் தகட்டுக்கும் இடையே காற்று செல்ல, இறவாரத்திலும் முகட்டிலும் திறப்பு விடுதல்.
3. சுவரின் கிடைச் சட்டங்களுக்கு இடையே காப்புப் பொருளைப் பொருத்துதல்.
4. குளிர்ப் பகுதிகளில், காப்பின் உட்புறத்தில் பாலித்தீன் தாளை இடைவெளியின்றி ஒட்டுதல்.
5. பலகையால் மூடி, எலி புகும் வழிகளைக் கம்பி வலையால் அடைத்தல்.

எச்சரிக்கைகள்

பல கொட்டகைகளின் கூரைச் சட்டகங்கள் உட்கூரையின் எடையைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை அல்ல. இதனை முன்னதாகவே பொறியாளரிடமோ சட்டகம் செய்தவரிடமோ உறுதிசெய்தல் வேண்டும். நுரைப் பலகைகள் எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை விடுவதால், அவற்றை ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பால் மூடுதல் இன்றியமையாதது. இடுக்குகளை அடைத்த கொட்டகையில் புகைபோக்கி இல்லாத அடுப்பை எரித்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிருக்கு ஆபத்து நேரலாம்.