அயலார் உயிர் காத்த எளியோர்

தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. நிரை மீட்கப் பொருது வீழ்ந்தவன், புலியை எதிர்த்து மடிந்தவன் என அவற்றில் பொறிக்கப்பட்டோர் முடிமன்னர் அல்லர். மறவரும் சேவகரும் ஊர்க்குடிகளுமே ஆவர். அவர்கள் காத்தது தம் ஊரையும் தம் கால்நடையையும் தம் சுற்றத்தையும். அதனினும் ஒரு படி மேலான செயல் ஒன்று உண்டு. பெயரும் ஊரும் அறியாத அயலானுக்காகத் தன் உயிரைப் பொருட்படுத்தாமையே அது. பிறந்த மண்ணை விட்டு வந்து, அயலாராக இவ்வூரில் குடியேறி வாழும் நமக்கு இப்பொருள் தனியே எண்ணத் தக்கது. நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றினின்று அத்தகைய நிகழ்ச்சிகள் மூன்றை இங்கு எடுத்துரைப்போம்.

முதல் நிகழ்ச்சி மேற்கு வங்காளத்து இராணிகஞ்சில் நடந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் நெருப்பைப் போலவே நீரும் பெரும் பகை. பழைய சுரங்கங்களில் தேங்கிய நீர், இடைச்சுவர் உடைந்தால் ஒரு நொடியில் பாய்ந்து வரும். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாதை அடுத்த சாஸ்நாலாவில் அவ்வாறு நீர் புகுந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அந்நினைவு மாறாத நிலக்கரி நாட்டில், 1989 நவம்பர் 13 அன்று மகாவீர் சுரங்கத்திலும் நீர் புகுந்தது. பலர் தப்பி மேலே வந்துவிட்டனர். ஆறு பேர் மாண்டனர். 65 பேர் உள்ளே மேடான ஒரு பகுதியில் ஒதுங்கி நின்றனர். வெளியேறும் வழியை வெள்ளம் அடைத்துவிட்டது.

அப்போது ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு வழி கூறினார். மேலிருந்து அவர்கள் நிற்கும் இடம் வரையில் ஒரு துளையிட வேண்டும். ஒருவர் மட்டுமே நிற்கத்தக்க எஃகுக் கூண்டு ஒன்றை அதனுள் இறக்கி, ஒவ்வொருவராகத் தூக்க வேண்டும். இந்நாட்டில் அதற்குமுன் எவரும் செய்து பாராத முறை அது. கூண்டைச் செய்து முடித்தபின் எழுந்த வினாவே பெரிது. அதில் முதலில் இறங்குவது யார்? கீழே இருப்போர் மூன்று நாள் இருளில் கலங்கிக் கிடப்பவர். வெறுங்கூண்டை இறக்கினால் நெருக்கடியே உயிரைப் பறிக்கக் கூடும். அவர்களை வரிசைப்படுத்தித் தேற்றி அனுப்ப ஒருவர் கீழே இருந்தாக வேண்டும். துளை இடிந்தாலோ, கயிறு அறுந்தாலோ அவருக்கும் மீட்சி இல்லை. கில் தாமே இறங்கினார். நவம்பர் 16 விடியற்காலையில் தொடங்கிய பணி சில மணி நேரத்தில் முடிந்தது. 65 பேரும் மேலே வந்தனர். கடைசியாகவே அவர் மேலேறினார். 1991-இல் அவருக்கு உயிர் காத்தோர்க்குரிய உயர்ந்த விருதாகிய சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. அதனை அளித்த குடியரசுத் தலைவர், தஞ்சைத் தரணியின் இராசாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் அவர்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி 2018 ஆகஸ்டில் சேரநாட்டில் நிகழ்ந்தது. பெருமழையால் ஆறுகள் கரைபுரண்டன. அணைகளின் மதகுகள் திறக்கப்பட்டன. செங்கன்னூர், ஆலுவா முதலிய இடங்களில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். நானூறுக்கும் மேற்பட்டோர் அவ்வெள்ளத்தில் உயிரிழந்தனர். அந்நிலையில் கடற்கரையிலிருந்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தனர். ஏறக்குறைய 4,500 மீனவர், 669 படகுகள். அவர்களால் மீட்கப்பட்டோர் 65,000-க்கும் மேற்பட்டவர் என்பது அரசின் கணக்கு.

கடலில் ஓட்டும் படகை ஊர்த்தெருவில் ஓட்டுவது எளிதன்று. நீருக்குள் மதில் இருக்கும், மின்கம்பி இருக்கும், ஆற்றின் சுழலோ கடலின் அலையைப் போன்றதன்று. படகு உடைந்தால் அவர்தம் பிழைப்பும் உடைந்தது. இவ்வளவையும் அறிந்தே அவர்கள் வந்தனர். படகேற இயலாத பெண்கள் மிதித்து ஏறுமாறு ஒருவர் நீரில் குனிந்து தம் முதுகையே படியாக்கிக் கொடுத்த காட்சியை நாடே கண்டது. அரசு படியளப்பதாக அறிவித்தபோது, உடன்பிறந்தாரைக் காத்ததற்குக் கூலி எதற்கு என்று மறுத்தவரும் அவருள் உண்டு.

மூன்றாவது நிகழ்ச்சி இமயத்தின் மடியில் நடந்தது. 2023 நவம்பர் 12. அன்று தீபாவளி. உத்தரகாசியை அடுத்த சில்க்யாராவில், யமுனோத்திரிச் சாலைக்காகக் குடையப்பட்ட சுரங்கப்பாதை விடியற்காலையில் இடிந்தது. 41 தொழிலாளர் உட்புறம் அகப்பட்டனர். ஜார்க்கண்டு, உத்தரப் பிரதேசம், ஒடிசா, பீகார் எனப் பல மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே ஏறக்குறைய 60 மீட்டர் இடிபாடு. குழாய் வழியே காற்றும் உணவும் அனுப்பி உயிரைக் காத்தனர். பெரிய துளைப்பொறி கொண்டு இடிபாட்டைத் துளைத்தனர். இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டரே எஞ்சியிருந்தபோது அப்பொறி இரும்புக் கம்பிகளில் சிக்கி முறிந்தது.

பொறி தோற்ற இடத்தில் மனிதர் அழைக்கப்பட்டனர். எலிவளைத் தொழிலாளர் என்று பெயர் பெற்ற பன்னிருவர் வந்தனர். நகரங்களில் தெருவுக்கு அடியில் நீர்க்குழாயும் கழிவுநீர்க் குழாயும் பதிக்கக் கையால் வளை தோண்டுவது அவர்கள் பிழைப்பு. 800 மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்க்குள் தவழ்ந்து சென்று, ஒருவர் தோண்ட, ஒருவர் மண்ணை வார, ஒருவர் சிறு தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே அனுப்ப, முறைவைத்து உழைத்தனர். இந்துக்களும் இசுலாமியரும் அக்குழுவில் இருந்தனர். ஒரு நாளுக்குச் சற்றே மிகுந்த நேரத்தில் வழி திறந்தது. நவம்பர் 28 மாலை, பதினேழாம் நாளில், 41 பேரும் உயிருடன் வெளியே வந்தனர்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவர்களுள் எவரும் வெறும் ஆவேசத்தால் குதித்தவர் அல்லர். சுரங்கத்தையும் நீரையும் மண்ணையும் நாள்தோறும் கையாண்டு, ஆபத்து இன்னதென்று அளந்தறிந்தவர்கள். அறியாமையால் வரும் துணிவினும் அறிந்து கொள்ளும் துணிவே பெரிது. பொறியாளர் ஒருவரை விடுத்தால், மற்றையோர் தொழிலை நாடு என்றும் உயர்வாகக் கருதியதில்லை. சில்க்யாராவில் கைகொடுத்த எலிவளை முறை, மேகாலய நிலக்கரிக் குழிகளில் எண்ணற்ற உயிர்களைக் குடித்தமையால் 2014-இல் பசுமைத் தீர்ப்பாயத்தால் தடை செய்யப்பட்டது. அத்தடையின் பின்னும், 2018 டிசம்பரில், அம்மாநிலத்துக் கசான் என்னுமிடத்தில் அத்தகைய குழியில் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினர். ஒருவரும் உயிருடன் மீளவில்லை. ஆகவே இவர்களைப் போற்றும் நாம், இவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடரைப் போற்றுதல் ஆகாது.

இக்கடமை நம் வீட்டு வாயிலுக்கே வருகிறது. நம் காலனிகளில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும்போது, யாரோ ஒருவரை அழைத்து உள்ளே இறக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. நச்சுக்காற்று அவரை நொடியில் வீழ்த்துகிறது. அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார். இருவரையும் காக்க மூன்றாமவர் இறங்குகிறார். செய்தித்தாளில் மூவர் சாவு என்று நாம் படிக்கும்போது, பின்னிருவர் பிறர் உயிரைக் காக்கப் புகுந்து மாண்டவர் என்பதை எண்ணுவதில்லை. அவர்களுக்கு நடுகல் இல்லை, பதக்கமும் அரிது. இவ்வாறு மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உறிஞ்சும் பொறி பூட்டிய வண்டிகள் நகரங்களில் கிடைக்கின்றன. செலவு சிறிது கூடலாம். ஆயினும் ஓர் உயிருக்கு அது விலையாகாது.

ஆண்டு விழாவில் கூடியிருக்கும் குடும்பத்தினர் அனைவரும் இவ்வொன்றை உறுதி கொள்வோமாக. நம் வீட்டுப் பணிக்காக எந்த மனிதனையும் தொட்டிக்குள் இறக்கோம். அண்டை வீட்டார் இறக்கினும் தடுத்து நிறுத்துவோம். அயலாருக்காக உயிரைப் பணயம் வைத்த எளியோர்க்கு, அயலூரில் வாழும் நாம் எடுக்கத்தக்க நடுகல் அதுவே.