நாவடியில் ஒரு நுண்ணோக்கி

இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி எடுத்துக்காட்டினார். தமனியிலிருந்து சிரைக்கு அது செல்லும் வழி அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. 1661-இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலில் அவ்வழியைக் கண்டார். அவையே தந்துகிகள்.

நோய்த்தொற்றை எதிர்க்கும் உடல் கட்டுமீறி இயங்கித் தன் உறுப்புகளையே பழுதாக்குவது செப்சிஸ். இரத்த அழுத்தத்தை மருந்தால் உயர்த்திய பின்னும் உறுப்புகள் செயலிழப்பதுண்டு. ஆற்றில் நீர் ஓடியும் கடைமடை வயல் காய்வதில்லையா? அதுபோலத்தான்.

இதை நோயாளியிடமே காண இயற்பியல் உதவியது. முனைவாக்கப்பட்ட ஒளியை நாவின் அடியில் செலுத்தி, மேற்பரப்பில் எதிரொளிப்பதை மற்றொரு முனைவாக்கியால் விலக்கினால், உள்ளே ஓடும் சிவப்பணுக்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். 2002-இல் பிரஸ்ஸல்ஸில் டேனியல் டி பேக்கர் குழுவினர் இவ்வாறு பார்த்தபோது, பல தந்துகிகளில் ஓட்டம் நின்றோ, விட்டுவிட்டோ இருந்தது. அசிட்டைல்கோலினை அவ்விடத்தில் இட்டதும் ஓட்டம் திரும்பியது! பாதை அழிந்துவிடவில்லை.

அதே ஆண்டில் நெதர்லாந்தில் 8 நோயாளிகளுக்கு நைட்ரோகிளிசரின் கொடுத்தபோதும் ஓட்டம் பெருகியது. நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. 2010-இல் 70 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், போலிமருந்து பெற்றவர்களுக்கும் ஓட்டம் சீரடைந்தது. மருந்தால் தனிப்பயன் காணப்படவில்லை. தந்துகி ஓட்டத்தைச் சீராக்குவதாகக் கருதப்பட்ட டிராட்ரெகோஜின் ஆல்பா, இறப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்ததும் 2011-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஓட்டம் பெருகக் காண்பது வேறு. உயிர் பிழைப்பது வேறு. ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டுச் சோதனையை நாம் வலியுறுத்துவது இதனால்தான்.