‘நிறுத்து’ என்றது கணினி

பெருங்களத்தூர்க்காரர்களுக்குத் தலைக்கு மேல் விமானம் இரைவது புதிதல்ல. பக்கத்தில் தாம்பரம் விமானப்படைத் தளம். அங்கே இருக்கும் பயிற்றுநர் பள்ளி, விமானிகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களை உருவாக்கும் இடம். 2024 பிப்ரவரி 27 அன்று இந்தியாவின் ககன்யான் விண்கலத்தில் செல்லும் வீரர்களாக அறிவிக்கப்பட்ட நால்வரில் ஒருவரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் இங்கே படித்தவர். இன்னொருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இவர்கள் ஏறப்போகும் கலத்துக்கு முன்னால் எவையெல்லாம் கடலில் விழுந்தன என்பதுதான் இந்த வாரக் கதை. களம், நமக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா.

1979 ஆகஸ்ட் 10. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை கொண்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பக் காத்திருந்தது. பொறுப்பு அப்துல் கலாமுடையது. கடைசி நிமிடங்களில் கணினி ‘நிறுத்து’ என்றது. நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டுத் திரவத்தில் கசிவு இருந்தாலும் இருப்பு போதும், பயமில்லை என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். முதல் கட்டம் பிசகில்லாமல் எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் தள்ளாடி, 317ஆவது விநாடியில் வங்கக் கடலுக்குள் போய்விட்டது.

ஆய்வில் அகப்பட்டது ஒரு வால்வு. கிளம்ப 8 நிமிடம் இருக்கையில் திறந்தது, அழுக்கு அடைத்ததால் மூடாமல் நின்றுவிட்டது. இரண்டாம் கட்டத்தின் திசையைக் கட்டுப்படுத்த வைத்திருந்த நைட்ரிக் அமிலத்தில் பெரும்பகுதி ஏவுதளத்திலேயே ஒழுகிப்போயிருந்தது. பிற்காலத்தில் இதை மேடை மேடையாகச் சொன்னவர் கலாமேதான். தோற்ற அன்று பத்திரிகையாளர்கள் முன் தானே போய் உட்கார்ந்த இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் ஜெயித்தபோது கலாமை அனுப்பிவைத்தார் என்பதும் அவர் சொன்னதுதான். அந்தப் பாதியை நாம் நன்றாக நினைவு வைத்துக்கொண்டோம். வால்வை மறந்துவிட்டோம்.

எச்சரிக்கையை மீறியதற்கு அமெரிக்கா கொடுத்த விலை இன்னும் அதிகம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆவது விநாடியில் ஏழு பேர் போனார்கள். குளிரில் ரப்பர் வளையம் விறைத்துப்போகும், வேண்டாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே மன்றாடியிருந்தார்கள்.

இறங்குவது வேறு மாதிரி ஆபத்து. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அதுபோலத்தான்: விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கலத்தின் முன்னால் காற்று நசுங்கி, இரும்பு உருகும் சூட்டையும் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் காற்றே மின்னூட்டம் பெற்றுக் கலத்தைச் சூழ்வதால் ரேடியோ தொடர்பும் அறுந்துபோகும். செங்குத்தாக இறங்கினால் சூடும் அழுத்தமும் மிஞ்சிவிடும். மிகவும் சாய்வாக வந்தால் இறங்கும் இடம் தவறிவிடும். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா வந்த கொலம்பியா சிதறியது இந்தக் கட்டத்தில்தான். ஏறும்போது நுரைத்துண்டு ஒன்று பட்டு இறக்கையில் விழுந்த ஓட்டை, 16 நாள் கழித்துத் தன் வேலையைக் காட்டியது.

இந்தியா இறங்கக் கற்றது 2007-ல். 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ-1 கலம் ஜனவரி 10 அன்று மேலே போய், 12 நாள் சுற்றியது. 22ஆம் தேதி காலை 9 மணிக்கு அதன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். மூக்கில் கரிந்து தேய்ந்தே சூட்டைத் தின்னும் கவசம், மற்ற இடங்களில் சிலிக்கா ஓடுகள். 9.37-க்குக் காற்று மண்டலத்துக்குள் நுழைந்தது. பாராசூட்டுகள் விரிந்து, 9.46-க்கு ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டரில் கடலைத் தொட்டது. கடலோரக் காவல்படையின் ‘சாரங்’ கப்பல் அதை எடுத்துவந்தது. 1979-ல் கடலில் விழுந்ததற்குக் கேலி. இம்முறை கடலில் விழுந்ததற்கே கைதட்டல்.

2014 டிசம்பர் 18 அன்று 3,775 கிலோ எடையுள்ள ஆளில்லாக் கூண்டு ஒன்றும் 126 கிலோமீட்டர் உயரம் வரை போய் அந்தமான் பக்கம் பத்திரமாக இறங்கியது.

2023 அக்டோபர் 21. ககன்யான் ராக்கெட் பழுதானால் வீரர்களை எப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடுவது என்பதற்கான ஒத்திகை. வானிலையால் ஏற்கெனவே தாமதம். கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினி ‘நிறுத்து’ என்றது. இம்முறை யாரும் அதை மீறவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் தப்பிக்கும் இயந்திரம் கூண்டை ராக்கெட்டிலிருந்து இழுத்துச் சென்றது, பாராசூட்டுகள் விரிந்தன, கரையிலிருந்து 10 கிலோமீட்டரில் கூண்டு விழுந்தது. கடற்படையினர் நெருங்கிப் பார்த்தபோது அது தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. நிமிர்த்திவிடும் அமைப்பு அடுத்த சோதனைக்கென்று வைக்கப்பட்டிருந்தது.